பாசிட்டிவ் என்றால் ஈரலில் புழு இருக்கிறதா?

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தட்டைப்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் பக்கத்து வாசகர் கடிதங்களில் தெரிகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்வி: ரத்தத்தில் பாசிட்டிவ், சாணத்தில் முட்டை இல்லை. எதை நம்புவது?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஏரிக்கரைப் புல்லோடு உள்ளே போன குஞ்சுப் புழு குடலைத் துளைத்து ஈரலுக்குள் நுழைந்து, பல வாரம் அதைக் குடைந்து தின்கிறது. பித்தக்குழாயை அடைந்து வளர்ந்த பிறகுதான் முட்டையிடும். நம் பக்கம் மிகுதியான ஃபாசியோலா ஜைகாண்டிகா என்ற தட்டைப்புழுவுக்கு அதற்கு மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவரை சாணத்தில் ஒன்றும் தெரியாது. முட்டை தெரியுமுன்பே செம்மறி ஆடுகள் செத்து விழுவதும் உண்டு.

அந்த இடைவெளியில் கைகொடுப்பது எலைசா ரத்தப் பரிசோதனை. திசுவை அரித்து முன்னேறவும், எதிர்ப்புப் பொருள்களைச் சிதைத்துத் தப்பிக்கவும் புழு கதெப்சின் எல் என்ற நொதியைச் சுரக்கிறது. அந்த நொதிக்கு எதிராகவே மாட்டின் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்க, தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் அது ரத்தத்தில் தெரிகிறது. ஒளிந்துகொள்ளச் சுரப்பதே புழுவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது!

சிக்கலும் இங்கேதான். புழு செத்த பிறகும் எதிர்ப்புப் பொருள் பல மாதம் நிற்கும். ஆகவே பாசிட்டிவ் எல்லாம் இன்றைய நோய் ஆகாது. மருந்து கொடுத்த மாடுகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் அரசுக் கணக்கையும் நான் புழு ஒழிந்ததற்குச் சான்றாக ஏற்க மாட்டேன். ஏனென்றால் ஆக்சிகுளோசனைடு என்ற மருந்து வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். குஞ்சுப் புழுவுக்கு டிரைகிளாபெண்டசோல் வேண்டும். அதற்கும் அடங்காத புழு 1995இலேயே ஆஸ்திரேலியாவில் பதிவாகிவிட்டது.

கன்றுக்குப் பாசிட்டிவ்? சீம்பால் வழி வந்த தாயின் எதிர்ப்புப் பொருளாக இருக்கலாம்.

பாலில் பார்க்கலாமா? பார்க்கலாம், ரத்தப் பரிசோதனைக்கு உள்ள அதே குறையோடு.

ரத்தத்தில் ஜிஜிடி என்ற ஈரல் நொதி உயர்ந்தால்? பித்தக்குழாய் கெட்டிருக்கலாம், காரணம் புழுதான் என்று அது சொல்லாது.

சமீபத்தில் மருந்து கொடுக்காத, ஏரிப்புல் தின்ற மாடு பாசிட்டிவ் என்றால், எழுதித் தரும் மருந்து குஞ்சுப் புழுவையும் கொல்லுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முன்பு முட்டை தெரிந்த மாடானால், மருந்து கொடுத்து மூன்று வாரம் கழித்துப் புதுச் சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, படிவு முறையில் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க உடனே மறுபடி ரத்தம் எடுப்பது வீண் செலவு.