மின்கலமும் கோபுரமும்



கைப்பேசி வைத்திருப்போர் கூறும் குறைகளுள் இரண்டு எங்கும் கேட்கப்படுவன. "சார்ஜ் நிற்பதில்லை" என்பது ஒன்று. "சிக்னல் கிடைப்பதில்லை" என்பது மற்றொன்று. முன்னதற்கு மின்கலத்தையும் பின்னதற்குக் கோபுரத்தையும் குறை கூறி, இவை தொடர்பற்ற இரு நோய்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கோபுரத்தின் அலை மெலியுமளவு மின்கலமும் விரைவில் வற்றும். இதனை விளக்குவதற்கு, ஒரு காலத்தில் அமெரிக்காவில் பெரிதும் விரும்பப்பட்டு, இன்று ஏறக்குறைய மறைந்துவிட்ட ஒருவகைக் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறேன். எழுத்து விசைப்பலகை உள்ளிருந்து நழுவி வெளிவரும் கைப்பேசியே அது. அதனுள் இடநெருக்கடி மிகுதி. நெருக்கடியான வீட்டில்தானே யார் யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது தெரியும்!

ஒரு தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே திரை, விரலால் தள்ளினால் அது ஒரு பக்கம் நகர, அடியில் எழுத்து விசைகள் வரிசையாகத் தோன்றும். ஆண்ட்ராய்டு மென்பொருளோடு விற்பனைக்கு வந்த முதற் கைப்பேசியே இவ்வமைப்பினதுதான். எச்.டி.சி. நிறுவனம் செய்த அதனை, டி-மொபைல் நிறுவனம் 2008ஆம் ஆண்டு அக்டோபரில் ஜி1 என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. 2009 நவம்பரில் மோட்டரோலாவின் டிராய்டு வெரைசன் நிறுவனத்தின் வலையமைப்பிற்கென வெளிவந்தது. கண்ணாடித் திரையைத் தொட்டு எழுதுவதில் தடுமாறியவர்களுக்கு இவை பெருந்துணையாயின. விசை அழுந்தியதா இல்லையா என்பதை விரலே அறிந்து கொள்ளுமன்றோ?

இவற்றுக்கு முன்னோடி, 2002இல் அங்கு வந்த சைட்கிக். அதன் திரை நழுவாமல், சுழன்று திறக்கும். காது கேளாதோர் பலர் அதனை ஆர்வத்தோடு ஏற்றனர். பேச்சுக்கு மாறாக எழுத்தை அனுப்பவும் பெறவும் அது உதவியதால், அவர்களுக்கு அதுவே உண்மையான தொலைபேசியாயிற்று. அத்தகைய ஒருவருக்கு மின்கலம் தீர்வதும் அலை கிடைக்காமற் போவதும் வெறும் வசதிக் குறைவல்ல. தொலைவிலுள்ளவரோடு உரையாடும் வழியே அடைபடுவதாகும். ஆதலின் நாம் ஆராயும் பொருள் சிறிய பொருளன்று.

முதலில் வரவைப் பார்ப்போம். மின்கலத்தின் கொள்ளளவை மில்லியாம்பியர்-மணி என்னும் அளவால் குறிப்பர். முதல் டிராய்டின் மின்கலம் 1400 மில்லியாம்பியர்-மணி கொண்டது. அதனை மின்கலத்தின் அழுத்தமாகிய 3.7 வோல்ட்டால் பெருக்கினால், ஏறக்குறைய 5.2 வாட்-மணி கிடைக்கும். அஃதாவது, 5 வாட் விளக்கு ஒன்றை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாக எரிக்கப் போதுமான சக்தி. நாள் முழுவதற்கும் அக்கைப்பேசியின் முதலீடு இவ்வளவே.

ஏன் இதனைப் பெருக்கவில்லை என்று கேட்பீர்கள். விடை விசைப்பலகையில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மோட்டரோலா நிறுவனம் வெரைசனுக்கென இரு கைப்பேசிகளைச் சில நாள் இடைவெளியில் வெளியிட்டது. விசைப்பலகை கொண்ட டிராய்டு 4 ஒன்று; விசைப்பலகையற்ற டிராய்டு ரேசர் மேக்ஸ் மற்றொன்று. முன்னதன் கனம் 12.7 மில்லிமீட்டர், மின்கலம் 1785 மில்லியாம்பியர்-மணி. பின்னதன் கனம் 9 மில்லிமீட்டர் அளவே; மின்கலமோ 3300. ரேசரின் முகம் சற்று அகன்றது என்பது மெய்யே. எனினும், தடித்த பெட்டியில் சிறிய மின்கலமும் மெல்லிய பெட்டியில் பெரிய மின்கலமும் அமைந்தது எதனால்? விசைகளும், நழுவும் தண்டவாளமும், இரு பகுதிகளுக்கும் தனித்தனியே வேண்டிய ஓடுகளும் மின்கலத்தின் இடத்தைக் கவர்ந்துகொண்டன.

இனிச் செலவைப் பார்ப்போம். திரையின் ஒளியும் கணிக்கும் உறுப்பும் மின்சாரத்தை உண்பதை எவரும் அறிவர். பலர் மறப்பது அலைபரப்பியை. நீங்கள் இப்பேச்சைக் கேட்கும் வானொலிப் பெட்டி கேட்பதோடு நின்றுவிடுகிறது. அது நிலையத்துக்குப் பதில் சொல்வதில்லை. கைப்பேசியோ கேட்கவும் வேண்டும், பதில் அனுப்பவும் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு வானொலி நிலையம் அது.

எதிரே இருப்பவரிடம் மெல்லப் பேசினாற் போதும்; ஆற்றின் அக்கரையில் இருப்பவரைத் தொண்டை வறளக் கூவ வேண்டும். கைப்பேசியும் அப்படியே செய்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்தும் ஜி.எஸ்.எம். முறையில், சாதாரணக் கைப்பேசி 2 வாட் வரை வலிமையோடு துடிப்புத் துடிப்பாக அலையை அனுப்பவல்லது. கோபுரம் அண்மையில் இருந்தால், அதே கைப்பேசி ஒரு வாட்டின் ஆயிரத்தில் சில பங்கே செலவிட்டு அதே உரையாடலை நடத்தும். டிராய்டு பயன்படுத்திய சி.டி.எம்.ஏ. முறையில் "குரலை உயர்த்து, தாழ்த்து" என்னும் ஆணையைக் கோபுரம் நொடிக்கு 800 தடவை இடும்! தடையற்ற வெளியில் தூரம் இரு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும். சுவரும் கட்டடமும் குறுக்கிட்டால் இன்னும் குறையும். அந்தக் குறையை ஈடுசெய்யும் பொறுப்பு மின்கலத்தின் தலையில் விழுகிறது. அலைபரப்பி வாங்கும் மின்சாரத்தில் ஒரு பகுதிதான் அலையாகும்; எஞ்சியது வெப்பமாய் வீணாகும். சிக்னல் நலிந்த இடத்தில் நெடுநேரம் பேசினால் கைப்பேசி சூடேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்னல் அறவே இல்லாத இடத்திலோ, கைப்பேசி வாளா இருப்பதில்லை. ஒவ்வோர் அலைவரிசையாகத் திருப்பித் திருப்பிக் கோபுரத்தைத் தேடும். நாம் பேசாதிருந்தும் மின்கலம் தேய்வது இதனால்தான். 2010 டிசம்பரில் வெரைசன் எல்.டி.இ. என்னும் புதிய வலையமைப்பைத் தொடங்கியபின் டிராய்டு 4 போன்றவற்றின் சுமை மேலும் கூடிற்று. பேச்சுக்குப் பழைய வலை, செய்திக் குறிப்புகளுக்குப் புதிய வலை என இரண்டையும் கவனிக்க வேண்டியதாயிற்று.

நழுவும் அமைப்பு அலைவரவையும் தொடாமல் விடவில்லை. அலையை வாங்கியும் அனுப்பியும் உதவும் ஏரியல் கைப்பேசிக்குள் மறைந்திருக்கிறது. வெரைசன் பயன்படுத்திய 850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு 9 சென்டிமீட்டர் அளவு. கைப்பேசியின் நீளமும் அதனை ஒட்டியதே. எனவே ஏரியல் தனித்து இயங்குவதில்லை. கைப்பேசியின் உலோகச் சட்டமும் அதனோடு சேர்ந்தே இயங்குகிறது. அச்சட்டம் இரு துண்டாகி, வளையும் மெல்லிய இணைப்பு ஒன்றால் பிணைக்கப்பட்டு, மூடும்போது ஒரு வடிவும் திறக்கும்போது வேறொரு வடிவும் கொண்டால், இரு நிலையிலும் ஏரியலைச் செவ்வனே இயங்கச் செய்வது பொறியியலார்க்குக் கடினமான வேலையாகும். அன்றியும், விசைகளை அழுத்த இரு கைகளாலும் இரு முனைகளையும் பற்ற வேண்டும். ஏரியலை மூடும் கை அலையைத் தடுப்பதுண்டு. அலை தடைப்பட்டால் கைப்பேசி உரக்கக் கூவும். கூவினால், ஏற்கெனவே சிறுத்துப்போன மின்கலம் மேலும் இளைக்கும். இரு குறைகளும் ஒரே முடிச்சில் வந்து சேர்வதைக் காண்கிறீர்கள் அல்லவா?

உங்கள் கையிலுள்ள கைப்பேசி நழுவாவிட்டாலும் இவ்விதி அதற்கும் பொருந்தும். திரையின் மூலையில் தெரியும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை அவரவரே வகுத்துக்கொள்கின்றனர். பல கைப்பேசிகளின் அமைப்புப் பகுதியில் டெசிபெல்-மில்லிவாட் என்னும் அளவில் அலையின் வலிமை தரப்பட்டிருக்கும். அது கழித்தல் 80 என்பதிலிருந்து கழித்தல் 100 ஆனால், வலிமை நூறில் ஒரு பங்காயிற்று என்று கொள்க. மின்கலம் குறைந்து, அவசரமாகப் பேசவேண்டிய நிலையும் வந்தால், உள்ளறையில் நின்று பலமுறை முயல்வதை விட்டு, சன்னல் ஓரத்துக்கோ வெட்டவெளிக்கோ செல்லுங்கள். கோபுரமே எட்டாத வழியில் பயணம் செய்கையில், தேவையற்ற நேரத்தில் விமானப் பயண நிலைக்கு மாற்றிவையுங்கள். இப்படிச் சேமித்த சக்தி, ஆபத்து வேளையில் ஓர் அழைப்புக்கு உதவும்.

வெரைசன் தன் பழைய சி.டி.எம்.ஏ. வலையமைப்பை 2022ஆம் ஆண்டின் இறுதியோடு மூடிவிட்டது. இன்று முதல் டிராய்டில் நிறைவான மின்கலத்தைப் பொருத்தினால் திரை ஒளிரும், விசைப்பலகையும் நழுவி வரும். ஆனால் அந்நிறுவனத்தின் கோபுரம் எதுவும் அதற்கு மறுமொழி தராது. சேமித்த சக்தி மட்டும் தொலைபேசியாகிவிடாது; கேட்பதற்கு அக்கரையில் ஒருவர் வேண்டும்.

இவற்றை நான் சொன்னதற்காக நம்ப வேண்டா, சோதித்துப் பாருங்கள். ஒரே கைப்பேசி; வைஃபை அணைந்திருக்கட்டும்; திரையும் அணைந்திருக்கட்டும். ஓரிரவு சன்னல் ஓரத்திலும், மறுநாள் இரவு வீட்டின் உள்ளறையிலும், ஒரே அளவு நேரம் வையுங்கள். அலையின் வலிமையையும் மின்கலம் குறைந்த அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறையேனும் மாற்றி மாற்றிச் செய்த பின், இரு வரிசை எண்களையும் அருகருகே எழுதி நோக்குங்கள். உங்கள் வீட்டில் கோபுரத்தின் தொலைவு மின்கலத்திடம் எவ்வளவு வரி வாங்குகிறது என்பதை அவ்வெண்கள் உங்களுக்குச் சொல்லும்.