‘கண்டெடுத்த இடம்: ஏரியூர்’ – தேடினால் கிடைக்குமா?

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகும் வழியில் அருங்காட்சியகம் எதுவும் இல்லை. ஆனால், அருங்காட்சியகத்தில் வைக்கத் தகுந்த பொருள்களுக்குப் பஞ்சமில்லாத பகுதி அது. அருகிலுள்ள பெரும்பாலையில் 2022-ல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. கீழடி, சிவகளை, மயிலாடும்பாறை ஆகிய பெயர்களோடு அந்த ஆண்டு பெரும்பாலையின் பெயரும் செய்திகளில் அடிபட்டது. தருமபுரி மாவட்டத்தின் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. பல ஊர்களில் அவற்றுக்கு வேடியப்பன் என்று பெயர். பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். தொல்லியல் துறையின் தருமபுரி அகழ்வைப்பகம் 1979-ல் தொடங்கப்பட்டது. அதன் பெருமையே அங்குள்ள நடுகற்கள்தான்.

ஏரியூரில் படிக்கும் ஒரு மாணவி கைபேசியை எடுத்து, ‘எங்கள் ஊர்ப் பக்கத்தில் கிடைத்த பொருள் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?’ என்று தேடினால் விடை கிடைக்க வேண்டும். கிடைப்பதும் கிடைக்காததும் கைபேசியைப் பொறுத்ததல்ல, தேடுபொறியைப் பொறுத்ததும் அல்ல. எங்கோ ஓர் அருங்காட்சியக மேசையில், ஒருவர் பதிவு அட்டவணையின் ஒரு கட்டத்தை எப்படி நிரப்பினார் என்பதைப் பொறுத்தது. புதிய இணையக் கருவிகளை அருங்காட்சியகப் பணியாளர்கள் கற்பது பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கட்டத்தை மறந்துவிடுகிறோம்.

கருவிகள் என்னென்ன?

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்துக்காகப் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் ‘ஜதன்’. பொருளின் படம், அளவு, காலம், வரலாறு ஆகியவற்றை ஒரே முறையில் பதிவுசெய்ய உதவுவது. டெல்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகம், ஹைதராபாத் சாலார் ஜங் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களின் சேகரிப்புகள் இதன்வழியே ‘மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா’ என்ற பொதுத்தளத்துக்கு 2014 முதல் வரத் தொடங்கின. சிறிய அருங்காட்சியகங்களுக்கு ‘ஒமேகா’ போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உண்டு. படங்களை உலகுக்கே பொதுவாக வைக்க விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. இவை எதுவும் வேண்டாம் என்றால், எல்லா அலுவலகத்திலும் இருக்கும் எக்செல் அட்டவணை போதும். அதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

இந்தக் கருவிகளின் பொத்தான்களைப் பழகச் சில வாரங்கள் போதும். அருங்காட்சியகத்தின் உண்மையான வேலை அதற்கு முன்பே இருக்கிறது. பொருளுக்கு ஓர் எண் வேண்டும். அந்த எண் பொருளின் மீதும் இருக்க வேண்டும், இருப்புப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும், படத்துக்குள்ளும் தெரிய வேண்டும். கல்லிலோ பானை ஓட்டிலோ நேரடியாக மை படக்கூடாது. கண்ணில் படாத ஓர் ஓரத்தில் கரைத்து எடுக்கக்கூடிய வார்னிஷை மெல்லியதாகப் பூசி, அது காய்ந்ததும் எண்ணை எழுதி, மேலே மறுபடியும் பூச வேண்டும். நாளை எண்ணை மாற்ற நேர்ந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சு போதும், பொருளுக்குச் சேதமில்லை. இந்த எண் இல்லாமல் எடுத்த ஆயிரம் படங்களை இணையத்தில் ஏற்றினாலும், எந்தப் படம் எந்தக் கல் என்று சொல்ல ஆளிருக்காது.

அட்டவணையில் மறைந்திருக்கும் கண்ணிகள்

பழைய பதிவேடுகளில் ‘12/79’ என்பது போல வரிசை எண்ணையும் ஆண்டையும் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு. அதை அப்படியே எக்செலில் தட்டினால், மென்பொருள் அதைத் தேதி என்று எண்ணி ‘டிசம்பர் 79’ ஆக்கிவிடும். ‘5/79’ மே மாதமாகிவிடும். நூறு வரி தட்டி முடித்த பிறகுதான் இது கண்ணில் படும். தட்டத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை ‘எழுத்து’ என்று அமைத்துவிட்டால் சிக்கல் வராது. பயிற்சி வகுப்புகளில் முதல் மணி நேரத்திலேயே சொல்ல வேண்டிய செய்தி இது.

அடுத்தது எழுத்துரு. தமிழக அரசு அலுவலகங்கள் பல ஆண்டுகள் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்துவந்தன. ஒருங்குறியை ஏற்பதாக அரசு 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி அறிவித்தது. அதற்கு முந்தைய பட்டியல்கள் மட்டுமல்ல, பழக்கம் விடாததால் பிந்தைய பட்டியல்கள் சிலவும் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. அந்தக் கணினியில் அவை அழகான தமிழாகத் தெரியும். இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாக மாறும். எந்தத் தேடுபொறிக்கும் அது தமிழ் என்று தெரியாது. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

மூன்றாவது, ஒரு கட்டத்தில் ஒரு செய்தி என்ற ஒழுங்கு. ‘கருங்கல், 5 அடி, கி.பி. 8-ம் நூ., பென்னாகரம்’ என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் எழுதினால் மனிதர் படிக்கலாம். கணினியால் வரிசைப்படுத்த முடியாது. 1995-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டப்ளின் நகரில் கூடிய நூலகர்களும் கணினியாளர்களும் எந்தப் பொருளையும் விவரிக்க 15 அடிப்படைப் புலங்களை வகுக்கும் வேலையைத் தொடங்கினார்கள். ‘டப்ளின் கோர்’ எனப்படும் அந்த முறைதான் இன்று பல அருங்காட்சியகத் தளங்களுக்கு அடித்தளம். தலைப்பு, உருவாக்கியவர், காலம், வகை, இடம், உரிமை என்று அது பிரித்துக் கேட்கும்.

இவற்றில் ‘இடம்’ என்பதில்தான் தருமபுரிக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது.

ஊர் நகரவில்லை, முகவரி நகர்ந்தது

1965 அக்டோபர் 2-ம் தேதிக்கு முன்பு தருமபுரி, சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்துபோனது. ஏரியூர் நெடுங்காலம் பென்னாகரம் ஒன்றியத்தில் இருந்து, பின்னர் தனி ஒன்றியமானது. ஒரே வயலில் கிடைத்த கல், எந்த ஆண்டு பதிவானது என்பதைப் பொறுத்துச் சேலம் மாவட்டக் கல்லாகவோ தருமபுரி மாவட்டக் கல்லாகவோ எழுதப்பட்டிருக்கும். ஒன்றியத்தின் பெயரை மட்டும் எழுதிய பதிவில் ஏரியூர் என்ற சொல்லே இருக்காது. நம் மாணவி ‘ஏரியூர்’ என்று தேடினால் அந்தக் கல் வராது.

எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. தருமபுரி – தர்மபுரி; ராமகொண்டஅள்ளி – ராமகொண்டஹள்ளி. ஒவ்வோர் இணையிலும் இரண்டும் புழக்கத்தில் உள்ளவை, இரண்டும் ஒரே ஊர். மனிதருக்குத் தெரியும், கணினிக்குச் சொன்னால்தான் தெரியும்.

இதற்குத் தீர்வு எளிது, உழைப்பு பெரிது. பதிவேட்டில் உள்ள பழைய முகவரியை அழிக்கக் கூடாது, அதுவும் வரலாறுதான். பக்கத்தில் இன்றைய ஊர், ஊராட்சி, ஒன்றியம், வட்டம் என்று தனித்தனிக் கட்டங்கள் சேர்க்க வேண்டும். மாற்றுப் பெயர்களுக்கு ஒரு கட்டம். அட்சரேகை, தீர்க்கரேகைக்கு ஒரு கட்டம். எல்லை எப்படி மாறினாலும் இந்த இரண்டு எண்களும் மாறாது. தருமபுரி வட்டாரத்து நடுகற்களும் கல்வெட்டுகளும் 1970-களில், இரா.நாகசாமி தொல்லியல் துறை இயக்குநராக இருந்த காலத்தில் ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்து நூல்களாக வந்தவை. அந்த உழைப்பை இன்றைய வரைபடத்தில் பொருத்துவது, அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே முடிகிற காரியமல்ல. எந்த ஏரிக்கரை, எந்த ஆலமரம் என்று காட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும்.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடலாமா என்பது வேறு கேள்வி. அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் கல்லுக்கு வெளியிடலாம். வயலில் தனியாக நிற்கும் கல்லுக்குக் கூடவே கூடாது. கல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறதென்று நம்பித் தோண்டுபவர்களுக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் ஊர்ப் பெயர் போதும். துல்லியமான எண்கள் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்து அனுமதி தரும் வசதி இன்றைய கருவிகளில் உண்டு. அதைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பதும் பயிற்சியின் பகுதி.

படம் எடுப்பதிலும் கற்க இருக்கிறது

நடுகல்லை நேர் வெயிலில் படம் எடுத்தால் எழுத்து மறைந்துவிடும். மாலையில், அல்லது இருட்டிய பிறகு, பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து எடுத்தால் தேய்ந்த வட்டெழுத்தும் நிழல் கட்டி எழுந்துவரும். ஒன்றின்மேல் ஒன்று படியும்படி சுற்றிலும் நிறையப் படங்கள் எடுத்து, ‘மெஷ்ரூம்’ போன்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் முப்பரிமாண உருவமே கிடைக்கும். பக்கத்து மாநிலத்தில், பெங்களூரு மிதிக் சொசைட்டி 2021 முதல் நகரின் கல்வெட்டுகளையும் நடுகற்களையும் ஸ்கேனர் கொண்டு முப்பரிமாணத்தில் பதிவுசெய்துவருகிறது. வீட்டுமனைகளுக்கும் சாலை விரிவாக்கத்துக்கும் கற்கள் காணாமல்போன நகரம் அது. ஆர்வலர்கள் முன்னின்று தொடங்கிய வேலை, இன்று ஆய்வாளர்கள் எழுத்தின் ஆழத்தைக்கூட அளக்கும் தரவாகியிருக்கிறது. ஓசூர் தாண்டினால் வரும் ஊரில் நடந்தது தருமபுரியில் நடக்க முடியாததல்ல.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். படத்தைக் கொடுத்து ‘இது என்ன கல்?’ என்று கேட்டால், சரளமான ஒரு பத்தி வரும். அதில் வரும் அரசன் பெயரும் நூற்றாண்டும் வெறும் கற்பனையாக இருக்கலாம். கல்வெட்டு அறிஞர் சரிபார்க்காத ஒரு வரிகூட விளக்கப் பலகைக்குப் போகக் கூடாது. மொழிபெயர்ப்புக்கும், வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தாக்கவும் அவை உதவட்டும்.

யார் கற்க வேண்டும்?

2006-ல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் ஒரு பயிற்சியை வடிவமைத்தார். ‘23 விஷயங்கள்’ என்பது அதன் பெயர். படம் பகிர்வது, விக்கியில் எழுதுவது என்று 23 சின்னச் சின்ன வேலைகள். பணியாளர்கள் தங்கள் அன்றாட வேலைக்கு நடுவே, தாமாகவே செய்து பார்க்க வேண்டும். முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் ஒரு சிறு கருவி பரிசு. உலகெங்கும் நூலகங்களும் பிற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. காரணம் வெளிப்படை: விளையாடிப் பார்க்க நேரமும், தவறினால் யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள் என்ற உறுதியும் கிடைத்தன.

நம் பயிற்சிகள் பெரும்பாலும் தலைநகரில், குளிரூட்டிய அறையில், திரையில் ஓடும் படங்களாக முடிகின்றன. போய்வந்தவர் அடுத்த ஆண்டு பணிமாறுதலில் போனால், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். எனவே, கணக்குகள் தனிநபர் மின்னஞ்சலில் இருக்கக் கூடாது. அலுவலகத்தின் பெயரில் இருக்க வேண்டும். குறைந்தது இருவருக்காவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது ஏதோ மாதிரிப் பொருளாக இல்லாமல், தங்கள் கூடத்தில் நிற்கும் கல்லாகவே இருக்க வேண்டும்.

காவலர்களையும் உதவியாளர்களையும் இதில் சேர்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். எந்தக் கல் எந்த லாரியில் வந்தது, எதை எங்கே மாற்றி வைத்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் வந்து மாலை போட்டார்கள் என்பதெல்லாம் நெடுநாள் பணியில் இருப்பவர்களுக்கே தெரியும். தட்டச்சு வராவிட்டால் கைபேசியில் தமிழில் பேசட்டும்; எழுத்தாக வரும். அவர்கள் ஓய்வு பெறும் நாளில் அந்த அறிவும் வாசலைத் தாண்டிவிடுகிறது.

பதிவு இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு உலகின் மிகப் பணக்கார அருங்காட்சியகங்களில் ஒன்றே சாட்சி. 2023 ஆகஸ்டில், தன் சேகரிப்பில் பொருள்கள் காணாமல்போனதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய 2,000 பொருள்கள் திருடப்பட்டோ சேதமுற்றோ போயிருந்தன. பலவற்றுக்கு முழுமையான பதிவே இல்லை. முழுச் சேகரிப்பையும் 5 ஆண்டுகளில் இணையத்தில் ஏற்றுவதாக அதன் பிறகுதான் அறிவித்தார்கள். மறுபக்கம், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கிய அச்சிலை திருட்டுப் பொருள் என்று நிறுவ, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணப் படம் உதவியது. 2014-ல் சிலை இந்தியா திரும்பியது. என்றோ ஒருவர் ஒழுங்காக எடுத்து, ஒழுங்காகக் குறித்து வைத்த படம் அது.

ஏரியூருக்கு மட்டுமான ஒரு கட்டம்

ஏரியூர் ஒன்றியத்தின் நாகமரை, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. 1934-ல் அணை கட்டி முடிந்தபோது இந்தக் கரைகளின் ஊர்கள் நீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியின் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. மக்கள் போய்ப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டு, தேதியும் இடமும் இல்லாமல் மறைந்துபோகின்றன.

அவற்றை அருங்காட்சியகப் பதிவாக மாற்ற மூன்று செய்திகள் வேண்டும்: எடுத்த தேதி, நின்ற இடம், அன்றைய அணை நீர்மட்டம். முழு மட்டமான 120 அடியில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்பது நாள்தோறும் நாளிதழில் வருகிறது. எந்த மட்டத்தில் எந்தக் கட்டுமானம் வெளியே வருகிறது என்று சில கோடைக்காலங்கள் தொடர்ந்து குறித்தாலே, மூழ்கிய ஊர்களின் உயரவரைபடம் ஒன்று உருவாகத் தொடங்கும். டப்ளின் கோரின் 15 புலங்களில் நீர்மட்டத்துக்கு இடமில்லை. எந்த மென்பொருளும் அதைத் தானாகக் கேட்காது. எக்செலில் ஒரு நெடுவரிசையைக் கூட்டி, தலைப்பில் ‘நீர்மட்டம் – அடி’ என்று எழுத வேண்டும். நாகமரைப் பிள்ளைகளும் தருமபுரியில் உள்ள தொல்லியல் அலுவலர்களும் ஒரே அட்டவணையை இரண்டு இடங்களிலிருந்து நிரப்பலாம். பகிரும் வசதி ஏற்கெனவே எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது. அடுத்த முறை நீர் இறங்கும் முன்பு அந்த அட்டவணை தயாராக இருக்க வேண்டும்.