வலி இறக்கத்தில் இருக்கிறது

மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க வரும் சமவெளிக்காரர்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, பத்தடிக்கு ஒருமுறை இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறார்கள். இறங்கும்போதோ பேச்சும் சிரிப்புமாக இறங்கிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் தொடை பிடித்துக்கொள்கிறது; நான்கு படி இறங்கக்கூடக் கைப்பிடி தேவைப்படுகிறது. பழி ஏற்றத்தின் மேல் விழுகிறது. ஆனால் அந்த வலியைத் தந்தது பெரும்பாலும் இறக்கம்தான்.

ஏறும்போது தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. தசையில் கைவசம் இருக்கும் ஏடிபி என்ற எரிபொருள் சில விநாடிக்குத்தான் காணும். அதன்பின் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து அதை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கும் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டருக்கு மேலும் இறைக்கும். ஓய்வில் அதில் ஐந்தில் ஒரு பங்கு பெறும் தசைகள் அப்போது ஐந்தில் நான்கு பங்கை வாங்கிக்கொள்கின்றன. குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும்; வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மலையேறினால் குமட்டுவது அதனால்தான். மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தமும் கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

இறக்கத்தின் கணக்கு வேறு. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் இந்தப் பள்ளிவாசலில்தான் இயங்கத் தொடங்கியது. மலைமேலிருந்து குழாய்வழியே பாய்ந்திறங்கும் தண்ணீரின் வேகம் அங்கே மின்சாரமாகிறது. மனிதர் இறங்கும்போதும் அதேபோல் ஆற்றல் வெளிப்படுகிறது, ஆனால் அதைச் சேமிக்க உடலில் வழியில்லை. ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை பிரேக் பிடித்து அதைத் தாங்குகிறது. சுருங்கப் பார்க்கும் தசையை உடலின் எடை இழுத்து நீட்டுகிறது. இந்த இழுபறியில் நுண்ணிய தசை இழைகள் அங்கங்கே சிதைகின்றன. இதற்கு ஆக்சிஜன் குறைவாகவே செலவாவதால் மூச்சு வாங்காது. உடல் எச்சரிக்காததால் நாமும் அளவு மீறிவிடுகிறோம்.

லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று இன்னமும் சொல்கிறார்கள். லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். வலியோ ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வருகிறது. அது சிதைந்த இழைகளை உடல் சீர்செய்யும் காலம். சீர்செய்த தசை முன்னைவிட உறுதியாகிறது. சில வாரங்களுக்குள் அதே சரிவில் மறுபடி இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். மெதுவாக, சின்னச் சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடக்கி இறங்குவது நல்லது. வலி பொறுக்க முடியாமல் இருந்தாலோ, சிறுநீர் பாலில்லாத கட்டஞ்சாயா நிறத்தில் போனாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தசைச் சிதைவு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம்.

இந்தச் சரிவுகளில் தலைமுறைகளாகக் கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண்கள் சுமையோடு தினமும் இறங்குகிறார்கள். அவர்களின் தொடைகள் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுவிட்டன. 'நாளெல்லாம் மலையேறுகிறார்களே, இதைவிட உடற்பயிற்சி உண்டா?' என்று வியப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட இதயநோய் குறைவு என்று ஜெர்மி மாரிஸ் 1953இல் காட்டினார். உழைப்பு இதயத்துக்கு நல்லது என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பட்டது. ஆனால் இடைவேளையில்லாத, சுமை தூக்கும் வேலை அதே நன்மையைத் தருவதில்லை என்று டென்மார்க்கில் நடந்த பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. ஓட்டப் பயிற்சி எடுப்பவர் களைத்தால் நிறுத்தலாம், மறுநாள் ஓய்வெடுக்கலாம், நன்றாகச் சாப்பிடலாம். தசை வலுப்பெறுவது அந்த ஓய்விலும் புரதத்திலும்தான். கொழுந்தின் எடைக்குக் கட்டுப்பட்டவருக்கு வேகத்தைத் தானே தீர்மானிக்க முடியாது. தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பினால் அடுப்படி காத்திருக்கிறது.

2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்து போராடியபோது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். தேய்ந்த தசையைச் சீர்செய்யும் பருப்பையும் முட்டையையும் அந்தக் கூலியில்தான் வாங்க வேண்டியிருந்தது.