கண்ணாடி போட்டபின் மிச்சமிருக்கும் குறை

அமெரிக்காவில் படைப்பணியால் உடல் குறை வந்தவர்களுக்கு மாதாமாதம் இழப்பீடு தருவது முன்னாள் படைவீரர் நலத்துறை. கண்ணில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர் அங்கே விண்ணப்பித்தால் என்ன ஆகும்? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

வியட்நாம் போருக்குப் போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். காட்டை அழிக்க ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியை அங்கே தெளித்தார்கள். அங்கிருந்தவருக்குப் பிற்பாடு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்தால், அதற்கு அந்த மருந்தே காரணம் என்று 2001 முதல் துறை ஏற்றுக்கொள்கிறது. சர்க்கரை முற்றி விழித்திரையில் ரத்தம் கசிகிறது. டாக்டர் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழை எடுத்துவிட்டுச் சரிசெய்கிறார். அந்த அறுவைக்குப் பின் கண்புரை வளர்வது வெகு சாதாரணம். இந்தப் புரைக்கும் இழப்பீடு கேட்கலாமா?

கேட்கலாம். நிலம் வாங்கும்போது தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம்வரை கண்ணி விடாமல் பார்க்கிறோமே, அதே மாதிரி பணி, சர்க்கரை, விழித்திரை, அறுவை, புரை என்று ஒன்றிலிருந்து ஒன்று வந்ததைக் காட்ட வேண்டும். டாக்டர் ‘இருக்கலாம்’ என்று எழுதினால் போதாது. ஐம்பதுக்கு ஐம்பதாவது வாய்ப்பு உண்டு என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும்.

இனிமேல்தான் எல்லோரும் இடறுகிற இடம். கத்தி வைத்தார்கள், அவதிப்பட்டோம், ஆகவே பணம் வரும் என்று நினைக்கிறார்கள். துறை பார்ப்பது எல்லாம் முடிந்தபின் எவ்வளவு பார்வை மிச்சம் என்பதை. அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டு. 20/40 என்றால், நல்ல கண் நாற்பதடியில் படிப்பதை இவர் இருபதடியில் நின்று படிக்கிறார். நம் கண் ஆஸ்பத்திரிச் சீட்டில் 6/12 என்று இருக்குமே, அதுதான். இரண்டு கண்ணிலும் கண்ணாடியோடு அவ்வளவு தெரிந்தால் மதிப்பீடு 0 சதவீதம். கழற்றினால் எதிரில் நிற்பவர் முகமே தெரியவில்லை என்பது கணக்கில் வராது. ஒரு கண் 20/200க்கு இறங்கி மற்றது 20/40ல் நின்றால் 20 சதவீதம்.

புரையை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்திருந்தாலும் இதே அளவுகோல்தான். லென்ஸ் வைக்காமலே விட்டிருந்தால் குறைந்தது 30. பார்வைப் பரப்பு சுருங்கியிருந்தால் அதையும் சேர்ப்பார்கள். இன்னொரு வழியும் உண்டு: கண்ணுக்குள் ஊசி, லேசர் என்று 12 மாதத்தில் 7 முறையோ அதற்கு மேலோ சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் 60 சதவீதம். இரண்டு கணக்கில் எது அதிகமோ அது. பலர் இந்த இரண்டாவதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்.

0 என்று கடிதம் வந்தால் கிழித்துப் போட வேண்டாம். பணியோடு தொடர்பு உண்டென்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதே அதன் பொருள். அந்தக் குறைக்குத் துறையின் சிகிச்சை இலவசம். நாளை பார்வை இன்னும் குறைந்தால் அதைக் காட்டினால் போதும், பழைய கதையை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியதில்லை.

துறையின் சொந்த ஆஸ்பத்திரியிலேயே அறுவை கெட்டுப்போனால்? அது தனிச் சட்டம். கொரியப் போர் வீரர் ஃபிரெட் கார்ட்னருக்கு முதுகில் செய்த அறுவையால் கால் பலவீனமானது. யார் தவறு என்று காட்ட அவசியமில்லை என்று 1994ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996ல் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றிவிட்டது. இப்போது கவனக்குறைவு நடந்ததென்றோ, யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத விளைவு என்றோ காட்டியாக வேண்டும். விழித்திரை விலகல் போன்றவை கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் சொல்லப்படுகிற அபாயங்கள்தான்; அவற்றை எதிர்பாராதது என்று வாதாடி ஜெயிப்பது கஷ்டம்.