பிரஷ்ஷின் அடியில் ஒரு குழி

பாத்ரூமில், ஈரக் கையோடு, மின்சாரத்தில் ஓடும் ஒன்றை வாய்க்குள் வைப்பது என்றால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். 1954இல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கை வூக் உருவாக்கிய ‘புராக்ஸோடென்ட்’ அப்படிப்பட்டதுதான். அதன் ஒயரை நேரே சுவரில் உள்ள பிளக்கில் செருக வேண்டும். கையை நன்றாக அசைக்க முடியாதவர்களையும் பல்லுக்குக் கம்பி போட்டவர்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது அது. ஒயர் இல்லாத பேட்டரி பிரஷ்ஷை ஜெனரல் எலெக்ட்ரிக் 1961இல் கொண்டுவந்தது.

பேட்டரி வந்தாலும் அதைச் சார்ஜ் செய்தாக வேண்டுமே? எலெக்ட்ரிக் பிரஷ்ஷில் நான் மிகவும் மெச்சும் இடம் இதுதான். இன்றைய பிரஷ்கள் பலவற்றைத் தலைகீழாகப் பிடித்தால் அடியில் ஒரு சிறு குழி தெரியும்; ஸ்டாண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் முளை அதில் உட்காரும். உலோக முனை எங்கேயும் கிடையாது. முளைக்குள் ஒரு கம்பிச்சுருள், பிரஷ்ஷுக்குள் இன்னொன்று. ஒரு டிரான்ஸ்ஃபார்மரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஸ்டாண்டிலும் மறுபாதியை பிரஷ்ஷிலும் வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்டில் உள்ள சுருளின் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க, பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி அடுத்த சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இப்படிச் சொட்டுச் சொட்டாக ஏறுவதால் முழுச் சார்ஜுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஆனால் தண்ணீர் புக வழியே இல்லை.

உள்ளே இருக்கும் எந்திரம் இரண்டு வகை. வட்டத் தலை பிரஷ்ஷில் மோட்டார் ஒரே திசையில் சுற்றும். மையம் விலகிய முள்ளும் ஒரு தண்டும் அந்தச் சுழற்சியை இடவலமாகத் திருப்பும் ஆட்டமாக மாற்றுகின்றன. சோனிக் வகையில் அப்படிச் சுற்றும் மோட்டார் இல்லை. மின்காந்தத்தின் துருவங்கள் மாறி மாறி, தண்டில் உள்ள காந்தத்தை இழுத்தும் தள்ளியும் விடும். தண்டின் இயல்பான அதிர்வோடு அந்த வேகம் ஒத்துப்போவதால் குறைந்த மின்சாரத்திலேயே நல்ல வீச்சு கிடைக்கும். 1992இல் வந்த சோனிகேர் ரகத்தில் இது நொடிக்கு சுமார் 260 முறை நடக்கிறது. நம் காதில் விழும் ரீங்காரம் அதுதான். பியானோவின் நடு ‘சி’ சுரத்துக்கு மிக அருகில் இருக்கும்.

பலன் உண்டா? 56 ஆய்வுகளைத் திரட்டிய 2014ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கையின்படி, மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் பல்லில் படியும் கிருமிப் படலம் சாதா பிரஷ்ஷைவிட 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைவு.

ஆனால் பழக்கதோஷத்தில் பலர் இதையும் வைத்துப் பரபரவென்று தேய்க்கிறார்கள். அது கூடாது. தேய்க்கிற வேலையை பிரஷ் பார்த்துக்கொள்ளும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் லேசாக வைத்து, ஒவ்வொரு பல்லாக நகர்த்திப் போனால் போதும். வாயை நான்கு பாகமாக்கி, பாகத்துக்கு 30 நொடி. பல பிரஷ்கள் 30 நொடிக்கு ஒருமுறை சட்டென்று நின்று துடிப்பது, அடுத்த பாகத்துக்கு நகரச் சொல்லித்தான். சிலவற்றில் விளக்கு சிவப்பாக எரிந்தால், அழுத்துவது அதிகம் என்று அர்த்தம், கையைத் தளர்த்துங்கள்.