சுவரொட்டியும் சால் பாஸ் காட்டிய வழியும்



பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் சுவரொட்டிப் போட்டிகள் அடிக்கடி நடைபெறுகின்றன. போட்டிக்கு வரும் தாள்கள் பலவற்றில் ஒரு குறை பொதுவாகக் காணப்படும். சொல்ல வேண்டியவை அனைத்தும் அவற்றில் இருக்கும். ஆனால் எதுவும் கண்ணில் நிற்காது. சூரியன், மரம், கொடி, குழந்தைகள், நான்கு வரி வாசகம், அதைச் சுற்றிப் பூ வேலைப்பாடு! சுவரொட்டியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பவர் யாருமில்லை. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர் ஓரக் கண்ணால் பார்க்கும் இரண்டு மூன்று விநாடிதான் அதற்கு ஆயுள். அந்தச் சில விநாடிகளின் அருமையை நன்கு அறிந்தவர், அமெரிக்க வரைகலைஞர் சால் பாஸ். அவருடைய முறையில் நாம் சுவரொட்டி அமைப்பது எப்படி என்பதை இன்று காண்போம்.

சால் பாஸ் 1920ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தவர். புரூக்லின் கல்லூரியில் கியார்கி கெப்பஸ் என்ற ஹங்கேரியக் கலைஞரிடம் பயின்றார். 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் சென்று திரைப்பட விளம்பரத் துறையில் ஈடுபட்டார். அக்காலத் திரைப்படச் சுவரொட்டிகளில் நடிகர் முகம், நடிகை முகம், முத்தம், துப்பாக்கி, தீ எனப் படத்தில் உள்ளவை எல்லாம் ஒரே தாளில் அடைக்கப்பட்டிருக்கும். எதற்காகவாவது ஒருவர் படம் பார்க்க வரமாட்டாரா என்ற வணிகக் கணக்குத்தான் அதற்குக் காரணம்.

1955இல் ஆட்டோ பிரெமிங்கர் இயக்கிய 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' என்னும் படம் வெளிவந்தது. பொற்கரம் கொண்ட மனிதன் என்பது அதன் பொருள். ஹெராயின் என்ற போதைப் பொருளுக்கு அடிமையான ஒருவனின் கதை அது. ஃபிராங்க் சினாட்ரா நடித்தார். போதைப் பழக்கத்தைத் திரையில் காட்டுவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் ஏற்கவில்லை. ஆகவே தணிக்கை முத்திரை இல்லாமலேயே படம் வெளியிடப்பட்டது. இத்தகைய படத்துக்குச் சுவரொட்டியில் எதை வரைவது? ஊசியை வரைந்தால் பார்ப்பவர் முகம் சுளிப்பார்; நடிகர் முகத்தை மட்டும் வரைந்தாலோ, கதை என்னவென்று தெரியாது.

சால் பாஸ் ஒரு கையை மட்டும் தேர்ந்தெடுத்தார். கீழ்நோக்கித் தொங்கும் கரிய கை, கத்தரியால் அவசரமாக வெட்டியது போன்ற கோணல் விளிம்புகள், முறுக்கிக்கொண்ட விரல்கள். நேயர்களே, இந்தக் கையைச் சற்றே மனக்கண்ணில் பாருங்கள். கதாநாயகன் சீட்டாட்டக் கூடத்தில் சீட்டுப் போடுவது அந்தக் கையால்தான். முரசு வாசிக்கும் கலைஞனாகிவிட வேண்டும் என்று அவன் ஏங்குவதும் அந்தக் கையை நம்பித்தான். ஊசி ஏறுவதும் அதில்தான்! பிழைப்பு, ஆசை, அழிவு ஆகிய மூன்றும் ஓர் உறுப்பில் வந்து நிற்கின்றன. ஊசி எங்கும் இல்லை. ஆயினும் அந்தக் கை வலியில் துடிப்பது தெரிகிறது. நட்சத்திரங்களின் படங்களும் சிறு கட்டங்களில் இடம்பெறத்தான் செய்தன. வணிகர்களை முழுவதும் மீற முடியுமா? ஆனால் கண் முதலில் போய் நிற்பது கையின்மீதுதான்.

1958இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்துக்கு ஆரஞ்சு நிறப் பின்னணியில் வெள்ளைச் சுழலையும், அதனுள் விழும் மனித உருவையும் அமைத்தார். உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் மனிதனின் கதைக்கு வேறென்ன வேண்டும்? 1959இல் 'அனாடமி ஆஃப் எ மர்டர்' படத்துக்குத் துண்டு துண்டாக வெட்டப்பட்ட மனித உரு. 1962இல் 'அட்வைஸ் அண்ட் கன்சென்ட்' என்ற அரசியல் படத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூம்மட்டத்தைப் பானை மூடி போலத் திறந்து காட்டினார். என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் படம்தான். உள்ளே என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றுகிறதல்லவா?

இவற்றைப் பார்த்து உற்சாகம் கொள்ளும் மாணவர்கள், ஆரஞ்சுத் தாளில் கோணல்மாணலான கறுப்பு உருவங்களை ஒட்டிவிட்டு, இதுவே சால் பாஸ் பாணி என்று மகிழ்வதுண்டு. கோணல் விளிம்பு ஒரு வேதனையைச் சொல்வதற்காக அந்தக் கைக்கு வந்தது. நூலக வாரச் சுவரொட்டியில் புத்தகத்தையும் அப்படியே கோணலாக வெட்டினால், அது கிழிந்த புத்தகமாகத்தான் தெரியும்.

சரி, டிங்கிக் காய்ச்சலைப் பற்றி ஒரு சுவரொட்டி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் பெரிய கொசுவை வரைவார்கள். கொசுவைக் கண்டு பயந்து நாம் என்ன செய்துவிட முடியும்? நம் கையில் இருப்பது, அது முட்டையிடும் தேங்கிய நீர். ஒரு பழைய தகர டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தரையில் வைக்காமல், ஏடிஸ் கொசுவின் ஆறு கால்களின் மேல் நிறுத்திப் பாருங்கள்! ஏடிஸ் கொசுவின் கரிய கால்களில் வெள்ளை வளையங்கள் உண்டு. அவற்றையும் ஒட்டிவிட்டால் பார்ப்பவருக்கு ஐயம் இராது. டின்னும் கொசுவும் ஒன்றே என்று வாசகமின்றியே விளங்கிவிடும்.

இதைப் பென்சிலால் வரைய வேண்டாம். கறுப்புத் தாளில் கத்தரிக்கோலால் நேராக வெட்டுங்கள். பென்சில் கையில் இருந்தால், டின்னில் ஒட்டிய சீட்டு, துரு, நிழல் எல்லாவற்றையும் வரைய ஆசை வரும். கத்தரிக்கோல் அதற்கு இடம் தராது. வேண்டாதவை தாமாகவே கழிந்துவிடும். பின்னணிக்கு ஒரே நிறம் போதும்.

எழுத்தில்தான் நமக்குக் கூடுதல் வேலை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை நேர்கோடுகளாக வெட்டிவிடலாம். தமிழ் எழுத்தோ சுழியும் வளைவும் உடையது. வளைவைக் கோணமாக்கும்போது 'ழ' என்பது 'மு' போல ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி சிறு துண்டு. ஒட்டும்போது தவறி விழுந்தால் சொல்லே உடைந்துவிடும். ஆகவே புள்ளியைச் சற்றுப் பெரிய சதுரமாகவே வெட்டுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வாசகமும் சுருங்க வேண்டும். 'தேங்கிய நீரை அகற்றி நோயைத் தடுத்திடுவீர்' என்பதைவிட, 'கவிழ்த்து வை' என்ற இரு சொற்கள் போதும். மரியாதைக் குறைவாகத் தோன்றினால், 'கவிழ்த்து வைப்போம்' என்று எழுதலாம். இரண்டு மூன்று எழுத்துகள்தாம் கூடும்.

முடித்த தாளை அறையின் எதிர்ச்சுவரில் ஒட்டி, விஷயம் அறியாத தம்பி தங்கை யாரையேனும் அழைத்து, மூன்று எண்ணும் வரை காட்டி மூடிவிடுங்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். "கால் முளைத்த டின்" என்று பதில் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். "என்னவோ கறுப்பாக இருந்தது" என்றால், கத்தரிக்கோலை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.