ஆறு மாதப் பிள்ளைக்குத் தேத்தண்ணி வேண்டாம்



12 கிழமைப் பிரசவ லீவு முடிந்ததும் நீங்கள் மலைக்குப் போகிறீர்கள். பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறது. அப்போது லயத்தில் ஒரு பேச்சு எழும்: "தாய்ப்பால் பத்தாது, கஞ்சித்தண்ணி குடு, பிஸ்கட்ட தேத்தண்ணியில நனைச்சு ஊட்டு."

பாட்டிமாரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் காலத்தில் 4 மாதத்திலேயே உணவு தொடங்கச் சொன்னார்கள். 2001இல் உலக சுகாதார சபை, 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று அறிவித்தது. இன்று மருத்துவ மாதுவும் அதையே சொல்கிறார். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போக உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பிள்ளைக்காம்பரா உள்ள தோட்டத்தில் ஒரு தடவைக்கு அரை மணி நேரம்.

6 மாதம் முடிந்ததும் பால் மட்டும் போதாது. வயிற்றில் இருந்தபோது பிள்ளை சேர்த்து வைத்த இரும்புச்சத்து அப்போது குறைந்துவிடும். தேத்தண்ணிச் சாயமோ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. இரத்தம் குறையும், பிள்ளை சோர்ந்துபோகும். கஞ்சித்தண்ணியும் சின்ன வயிற்றை நிரப்புமே தவிர, பலம் தராது.

எப்படித் தொடங்குவது?

* முதலில் குழைந்த சோற்றைத் தாய்ப்பால் விட்டு மசித்து 2, 3 தேக்கரண்டி கொடுங்கள். கரண்டியைச் சரித்தால் தண்ணியாக ஓடக்கூடாது.
* சில நாட்களில் பருப்பு, பூசணி, கரட், கீரை என ஒவ்வொன்றாகச் சேருங்கள். பிறகு முட்டை, முள் எடுத்த மீன், கோழி ஈரல். எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும்.
* சோற்றில் கொஞ்சம் தேங்காய்ப்பால் அல்லது எண்ணெய் விடுங்கள். உப்பு, சீனி வேண்டாம். ஒரு வயது வரை தேனும் வேண்டாம்.
* 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 வேளை. 9 மாதத்திலிருந்து 3, 4 வேளை. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

பிள்ளைக்காம்பராவுக்கு மூடியுள்ள கிண்ணத்தில் கொடுத்தனுப்புங்கள். சூடாக்கி, கை கழுவி ஊட்டச் சொல்லுங்கள். மிச்சத்தை மாலைக்கு வைக்க வேண்டாம். மருத்துவ மாது திரிபோஷ கொடுத்தால் அது பிள்ளையின் பங்கு. வீட்டார் எல்லோரும் பங்குபோட்டால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

இது சின்ன விஷயம் அல்ல. 2016இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், 5 வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் அது சுமார் 32. இரண்டு வயதுக்குள் விட்ட வளர்ச்சியைப் பின்னால் பிடிப்பது கஷ்டம்.

மாதம்தோறும் நிறை பார்த்து, அட்டையில் கோடு மேலே ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறாவிட்டால் அன்றே மருத்துவ மாதுவிடம் பேசுங்கள். தேயிலை நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் தேத்தண்ணி பிள்ளைக்குச் சோறாகாது.